சிங்கப்பூர் தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் புதுசா ஒரு பார்: விடலாமா வேணாமா?

கேள்வி, மார்ச் 4, சாயங்காலம்

வீராசாமி ரோட்டுப் பக்கம் ரொம்ப நாளா பூட்டிக் கெடந்த கடைவீட்டுக்கு பெயிண்ட் அடிக்கறாங்க. விசாரிச்சா பார் வரப்போகுதாம், காக்டெய்ல், நடுராத்திரி வரைக்கும். அந்தப் பக்கம் வீரமாகாளியம்மன் கோயில், கொஞ்சம் தள்ளி அங்குலியா பள்ளிவாசல், எதிர்ல வீவக (அரசாங்க அடுக்குமாடி வீட்டு) ப்ளாக். 2013 கலவரத்துக்கு அப்புறம் இவ்ளோ கட்டுப்பாடு போட்ட வட்டாரத்துல இது தேவையா? நான் வேணாங்கறேன். அங்க குடியிருக்கறவங்க சொல்லுங்க.

பதில், மார்ச் 4, ராத்திரி

நான் எதிர் ப்ளாக்ல தான் இருக்கேன். கிச்சன் ஜன்னலத் தொறந்தா அந்தக் கடையோட பின்சந்து நேரா தெரியும். எத்தன மணிக்கு மூடுவாங்க, பின்கதவு எதுக்குத் தொறக்கும், மேல்மாடில யாரு தூங்கறாங்க, இந்த மூணும் தெரியாம நான் சரின்னும் சொல்லமாட்டேன் வேணாம்னும் சொல்லமாட்டேன். கோயில் பக்கத்துல இருக்குங்கறது எனக்கும் முக்கியம் தான், வெள்ளிக்கெழம தவறாம போறவ நான். ஆனா ரெண்டு தெரு தள்ளினா ரவல் ரோடு, டெஸ்கர் ரோடு, அந்தப் பின்சந்துல விபசாரம் உள்பட என்னென்ன நடந்துச்சுன்னு இங்க வளந்தவங்க எல்லாருக்கும் தெரியும், அதெல்லாம் பாக்காத மாதிரி இது சுத்தமான எடம்னு பேச்ச ஆரம்பிச்சா சரியா வராது.

ரேஸ்கோர்ஸ் ரோட்ல பியர் லைசென்ஸ் இருந்த ஒரு சாப்பாட்டுக் கடைல பல வருஷம் கவுண்ட்டர்ல நின்னிருக்கேன். அங்க பாத்தத வச்சு நாளைக்கு எழுதறேன்.

மார்ச் 5, லஞ்ச் நேரம்

மொதல்ல லைசென்ஸ். பார் பார்னு பொதுவா சொல்றோம், போலீஸ் லைசென்சிங்ல அதுக்கு வகுப்பு இருக்கு. 1ஏ எடுத்தா எல்லா மதுவும் கடைக்குள்ளயே குடிக்க விக்கலாம், நடுராத்திரி வரைக்கும். 1பி அதே தான், ஆனா ராத்திரி 10 மணியோட நிறுத்தணும். 2ஏ, 2பி ரெண்டும் பியர் மட்டும், நேரம் அதே மாதிரி ஒண்ணு நடுராத்திரி, ஒண்ணு 10 மணி. 3ஏ, 3பி பாட்டில் வாங்கிட்டுப் போற கடைங்களுக்கு, அவங்க 10.30க்கு நிறுத்திடணும். நடுராத்திரிய தாண்டணும்னா தனியா நேர நீட்டிப்பு கேக்கணும். இப்ப எதிர்ல வரப்போறது எந்த வகுப்புன்னு இங்க எழுதற யாருக்காவது தெரியுமா? மொதல்ல அதக் கேட்டுட்டு வாங்க, 1ஏவுக்கும் 1பிக்கும் நடுவுல இருக்கற அந்த ரெண்டு மணி நேரத்துல தான் எங்க ப்ளாக்கோட தூக்கம் இருக்கு.

யூஆர்ஏ (நகர மறுசீரமைப்பு ஆணையம்) ஓகே சொல்லிட்டா எல்லாம் முடிஞ்சுதுன்னு ஒரு தம்பி போட்டிருக்காரு. அப்படி இல்ல தம்பி. கடையா இருந்த எடத்த பாரா மாத்தறதுக்கு யூஆர்ஏ திட்ட அனுமதி வேணும், சாப்பாடு விக்க எஸ்எஃப்ஏ (உணவு அமைப்பு), மதுவுக்கு போலீஸ், பாட்டுக் கச்சேரி ஆட்டம்னு வந்தா அதுக்கும் தனி அனுமதி. ஒருத்தர் குடுத்துட்டா இன்னொருத்தர் குடுத்தே ஆகணும்னு இல்ல. நாம பேசறதுக்கு எடம் இருக்கறது பெரும்பாலும் போலீஸ் கிட்ட தான், ஏன்னா லைசென்ஸோட நிபந்தனையும் போட அவங்களால முடியும்.

மார்ச் 5, ராத்திரி

"லிட்டில் இந்தியால சனி ஞாயிறு குடிக்கவே கூடாது, அப்புறம் எப்படி பார்?"னு கேட்டவங்களுக்கு. சட்டம் பொது எடத்தப் பத்தினது. 2015 ஏப்ரல் 1லேர்ந்து சிங்கப்பூர் முழுக்க ராத்திரி 10.30லேர்ந்து காலைல 7 வரைக்கும் பொது எடத்துல குடிக்கக் கூடாது. லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் மதுக் கட்டுப்பாட்டு வட்டாரம்ங்கறதால இங்க சனிக்கெழம காலைல 7லேர்ந்து திங்கக்கெழம காலைல 7 வரைக்கும் பூராவே கூடாது, பொது விடுமுறைக்கு மொத நாள் சாயங்காலம் 7லேர்ந்தும் அதே மாதிரி. மீறினா 1,000 வெள்ளி வரைக்கும் அபராதம், இந்த வட்டாரத்துக்குள்ளன்னா தண்டனை ஒன்றரை மடங்கு. ஆனா லைசென்ஸ் உள்ள கடைக்குள்ள உக்காந்து குடிக்கறதுக்கு இந்த வார இறுதித் தடை கெடையாது.

2013 டிசம்பர் 8 பத்தி இங்க சில பேரு எழுதினதப் பாத்து மனசு கஷ்டமா இருக்கு. அன்னைக்கு ஹேம்ப்ஷையர் ரோடு முக்குல பஸ்ல அடிபட்டு ஒரு வெளிநாட்டு ஊழியரோட உயிர் போச்சு, கலவரம் அதுலேர்ந்து தான் கெளம்புச்சு. விசாரணைக் குழு 2014ல குடுத்த அறிக்கைல குடியும் ஒரு காரணம்னு தான் சொன்னாங்க, குடி மட்டுமே காரணம்னு சொல்லல. அடுத்த வாரக் கடைசில தேக்கா முழுக்க மது விக்கவும் குடிக்கவும் தடை, எங்க கடைல பியர் ஃப்ரிட்ஜுக்கு மேல கருப்பு பிளாஸ்டிக் போட்டு டேப் ஒட்டினோம், அந்த ஞாயித்துக்கெழம தெரு வெறிச்சோடிப் போயி, சாப்பிட வந்த ஊழியத் தம்பிங்க கூட குரலத் தாழ்த்திப் பேசிட்டு சாப்பிட்டுக் கெளம்பிட்டாங்க. அத ஞாபகம் வச்சுக்கிட்டு பேசுங்க. பார் வேணாம்னு சொல்றதுக்கு அந்த நாள இழுத்து வந்து "இந்த மாதிரி ஆளுங்க"ன்னு எழுதாதீங்க.

மார்ச் 6

சத்தம் பத்தி. எல்லாரும் பாட்டச் சொல்றீங்க. நான் கடைல நின்னவளா சொல்றேன், பாட்ட கொறைக்கச் சொன்னா கொறைப்பாங்க, அது பெரிய விஷயமே இல்ல. தூக்கத்தக் கெடுக்கறது பாட்டில். கடை மூடினதுக்கப்புறம் அன்னைக்கு சேந்த காலி பாட்டில எல்லாம் கிரேட்லேர்ந்தும் கூடைலேர்ந்தும் பின்சந்துல இருக்கற பச்ச தொட்டில கொட்டுவாங்க. ஒண்ணு ஒண்ணா போட்டா நேரமாகும்னு கூடையத் தூக்கி அப்படியே கவுப்பாங்க. ரெண்டு பக்கமும் சுவரு, நடுவுல குறுகின சந்து, அந்தச் சத்தம் மேல ஏறி நாலாவது மாடி, அஞ்சாவது மாடி வரைக்கும் வரும், தூங்கற கொழந்த தூக்கிப் போட்டு எழும். எங்க கடைல மேல்வீட்டு ஆயா ஒருத்தங்க தெனமும் காலைல வந்து முதலாளிகிட்ட சண்ட போடுவாங்க, அப்புறம் தான் பாட்டில கடைக்குள்ளயே மூடி வச்சுட்டு மறுநாள் காலைல கொட்டற பழக்கம் வந்துச்சு. செலவு ஒண்ணும் இல்ல, ஒரு மூலைல ரெண்டு கிரேட் வைக்கற எடம் வேணும், அவ்ளோ தான். இது நிபந்தனையா எழுத்துல வரணும்.

அடுத்தது சிகரெட். கடை முன்னால இருக்கற அஞ்சடி நடைபாதைல நின்னு பிடிக்கக் கூடாது, 2013லேர்ந்தே கூரை போட்ட நடைபாதை எல்லாம் புகைக்கத் தடை, கடை வாசல்லேர்ந்தும் தள்ளி நிக்கணும். நல்ல சட்டம். ஆனா அதனால என்ன ஆகுதுன்னா பாருக்கு வந்தவங்க கையில கிளாஸ உள்ள வச்சுட்டு வெளிய வந்து அஞ்சடியத் தாண்டி, எங்க ப்ளாக்குக்குக் கீழ கார்பார்க் ஓரமா வந்து நிப்பாங்க. நாலு பேரு சேந்து நின்னா பேச்சு வரும், சிரிப்பு வரும், அந்த நேரத்துல யாரு மேலயும் தப்பு சொல்ல முடியாது, ஆனா மேல படுத்திருக்கறவங்களுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேக்கும். இதுக்கு வழி இருக்கு, சிராங்கூன் ரோட்டுப் பக்கமா நிக்க எடம் காட்டி ஒரு ஆள அந்த நேரத்துக்குன்னு வெளிய நிறுத்தணும். சின்ன பாருக்கு ஒரு ஆள் சம்பளம் பெருசு தான். அது முடியலன்னா 10 மணிக்கு மூடிட்டா போச்சு.

மூணாவது கார். மூடற நேரத்துல எல்லாரும் ஒரே சமயத்துல கிராப் வாடகைக் கார் கூப்பிடுவாங்க, வீராசாமி ரோடு ஒண்ணும் பெரிய ரோடு இல்ல.

மார்ச் 6, கொஞ்ச நேரம் கழிச்சு

சத்தத்தடுப்பு போட்டுடலாமேன்னு கேட்ட கட்டடத் துறை அண்ணனுக்கு: நீங்க சொல்றது புது கட்டடத்துக்கு சரி அண்ணே. லிட்டில் இந்தியா 1989லேர்ந்தே பாதுகாக்கப்பட்ட வட்டாரம், இங்க கடைவீட்டுல மரத்தளம், மர உத்தரம், பொதுச்சுவர் இதையெல்லாம் இஷ்டத்துக்கு மாத்த முடியாது. மேல என்ன ஒட்டினாலும் யூஆர்ஏ பாத்து தான் விடுவாங்க. முடியாதுன்னு சொல்லல, காசும் நாளும் ஆகும்.

மார்ச் 8, ஞாயிறு

இன்னைக்கு சாயங்காலம் மார்க்கெட்டுக்குப் போயிட்டு வர்றப்ப பஃபலோ ரோட்லேர்ந்து நடந்தே வந்தேன். கூட்டம்னா கூட்டம். ஃபோன் கடை வாசல்ல வரிசை, பணம் அனுப்பற கடைல வரிசை, ஒரு பக்கம் புல்லுல ஊர்க்காரங்க வட்டமா உக்காந்து பேசிட்டிருந்தாங்க. யாரு கையிலயும் பியர் இல்ல, சர்பத்தும் கச்சான் கடலையும் தான். வாரத்துல ஒரு நாள் லீவு.

இந்தக் காட்சியப் பாத்ததும் எனக்கு வேற ஒண்ணு ஓட ஆரம்பிச்சுது. ஞாயித்துக்கெழம வெளிய குடிக்கக் கூடாதுங்கற சட்டம் எல்லாருக்கும் ஒண்ணு தான், பேப்பர்ல. ஆனா உள்ள உக்காந்து குடிக்க காசு உள்ளவங்களுக்கு அது ஒரு தொந்தரவே இல்ல. இப்ப நாம கதவத் தொறந்து விடப்போற பாருல ஒரு கிளாஸ் விலை ஒரு தம்பியோட ஒரு நாள் கூலில பாதி இருக்கும். சரி, விலை அவங்க இஷ்டம். வாசல்ல என்ன நடக்கும்? என் அக்கா பையன் கப்பல்பட்டறைல சூப்பர்வைசர், அவனோட டீம் தம்பிங்கள கூட்டிக்கிட்டு ஒருத்தனோட பிறந்தநாளுக்கு வேற ஒரு பக்கத்துல இருந்த பாருக்குப் போயிருக்கான். எல்லாரும் குளிச்சு அயன் பண்ணின சட்ட போட்டுத் தான் போனாங்க. வாசல்ல நின்னவரு மொகத்தப் பாத்துட்டு "இன்னைக்கு பிரைவேட் ஃபங்ஷன்"னு சொல்லிட்டாரு. அஞ்சு நிமிஷத்துல வேற நாலு பேரு சும்மா நடந்து உள்ள போனாங்க. அவன் அன்னைக்கு ஒண்ணும் பேசாம எல்லாரையும் கோப்பிக்கடைக்குக் கூட்டிட்டுப் போயி சாப்பிட வச்சுட்டு வந்தான். அத என்கிட்ட சொல்றப்ப அவன் கண்ணு செவந்துடுச்சு.

தேக்கால, நம்ம தெருவுல, தமிழ்நாட்லேர்ந்தும் பங்களாதேஷ்லேர்ந்தும் வந்து இந்த ஊரக் கட்டறவங்க கூடற எடத்துல, அவங்கள உள்ள விடாத ஒரு கடைய புதுசா தொறக்கறதுக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன். சத்தம் எல்லாம் இதுக்கு அப்புறம் தான் எனக்கு.

மார்ச் 9

கேட்டதுக்கு சுருக்கமா: எங்க கடைல ஞாயித்துக்கெழம பிரச்சன பண்ணவங்க இருந்தாங்களான்னா இருந்தாங்க. டை கட்டினவங்களும் இருந்தாங்க, பூட்ஸ் போட்டவங்களும் இருந்தாங்க. ஒரு பெரிய பாட்டில் பியர வாங்கி நாலு கிளாஸ்ல ஊத்தி, ஒரு ப்ளேட் மட்டன் சுக்காவ நடுவுல வச்சு ரெண்டு மணி நேரம் ஊர்க்கத பேசிட்டு, கணக்க சரியா பிரிச்சுக் குடுத்துட்டுப் போறவங்க தான் அதிகம். முதலாளி டேபிள் காலியாகலன்னு முனகுவாரு, ஆனா கடன் சொல்லிட்டுப் போனவங்க அந்த டேபிள்ல யாரும் கெடையாது.

மார்ச் 9, ராத்திரி

தைப்பூசத்துல மேளம் அடிக்கவே எவ்ளோ கட்டுப்பாடு, பாருக்கு மட்டும் பாட்டான்னு ஒரு அக்கா கோவமா எழுதியிருந்தாங்க. கோவம் நியாயம் தான். 1973லேர்ந்து தைப்பூச ஊர்வலத்துல வாத்தியம் வாசிக்கத் தடை, 2016லேர்ந்து தான் வழில குறிப்பிட்ட சில எடத்துல நேரடி இசைக்கு விட்டாங்க. எனக்கும் அது உறுத்தும். ஆனா அந்தக் கணக்க இந்தக் கடைல தீத்துக்கறதால நமக்கு மேளம் கெடைக்கப் போறதில்ல, அது இந்து அறக்கட்டளை வாரியத்துகிட்டயும் போலீஸ்கிட்டயும் தனியா கேக்க வேண்டிய கேள்வி.

கோயில் பக்கத்துல பார் இருந்தா என்ன ஆகும்னு பாக்கணும்னா சைனாடவுன்ல இருக்கற கியோங் சைக் ரோட்டுக்குப் போயிப் பாருங்க. லயன் சித்தி விநாயகர் கோயில் 1925லேர்ந்து அங்க முக்குல நிக்குது. அந்த ரோடு ஒரு காலத்துல எதுக்குப் பேரு வாங்கியிருந்துச்சுன்னு பெரியவங்களக் கேளுங்க. இப்ப ரெண்டு பக்கமும் ஓட்டல், பார், சாப்பாட்டுக் கடை. தைப்பூசத்துக்கு மொத நாள், செட்டிப் பூசம் அன்னைக்கு, டேங்க் ரோட்டுக் கோயில்லேர்ந்து முருகன் வெள்ளி ரதத்துல அண்ணனப் பாக்க அங்க தான் வர்றாரு, சாயங்காலம் திரும்பிப் போறாரு. நான் ரதத்தோட போனப்ப அந்த பார் வாசல்ல நின்ன பையன் கையில இருந்த ட்ரேய கீழ வச்சுட்டு ஒதுங்கி நின்னான், யாரும் சொல்லிக் குடுக்கல. கோயிலும் பாரும் ஒரே ரோட்ல இருக்க முடியாதுன்னு என்னால சொல்ல முடியல.

மார்ச் 11

ரெண்டு நாளா யோசிச்சுட்டிருக்கேன். ஒரு பாருக்கு நான் பயப்படல. பயம் அது வந்ததுக்கு அப்புறம் தான். கடைவீட்டு ஓனருக்கு ஒரு எடத்துல பார் நல்ல வாடக குடுக்குதுன்னு தெரிஞ்சா பக்கத்து வீட்டு ஓனரும் அந்த வாடகைய எதிர்பாப்பாரு. மசாலா அரைக்கற மில்லோ, பூக்கட்டற கடையோ, சேலைக்கு ஃபால் தைக்கறவங்களோ அத குடுக்க முடியாது. பகல்ல பூட்டியிருக்கற கடைங்க ஒரு வரிசைல கூடிக்கிட்டே போனா காலைல பால் வாங்க நடந்து போற ரோடு செத்துப் போகும். ரோடு உயிர் பெறணும்னு தானே இதெல்லாம் பண்றோம்?

ஹாஜி லேன் பாருங்க. கம்போங் கிளாம்ல சுல்தான் பள்ளிவாசலச் சுத்தின மையப் பகுதில பார் வைக்க விடறதில்ல, அது நல்ல முடிவு, கோடு போட்டா நிக்கும்ங்கறதுக்கு அது சாட்சி. ஆனா அந்தக் கோட்டுக்கு வெளிய நெருக்கமா குவிஞ்சுது. ஜூ சியாட்ல 2000கள்ல பப்பும் மசாஜ் கடையும் பெருகிப் போயி குடியிருந்தவங்க ஒண்ணு சேந்து போராடித் தான் கொறைச்சாங்க, அதுக்கு வருஷக்கணக்கா ஆச்சு, அப்புறம் 2011ல அது மரபுடைமை நகர்னு பேரெடுத்துச்சு. பாரும் நைட் கிளப்பும் குவிஞ்சிருந்த ஆர்ச்சர்ட் டவர்ஸ் கட்டடத்துல 2023 ஜூலையோட பொழுதுபோக்கு லைசென்ஸ புதுப்பிக்காம நிறுத்த வேண்டி வந்துச்சு. ஒரே எடத்துல குவிய விட்டா அப்புறம் ஒவ்வொண்ணா கழட்ட முடியாது, மொத்தமா தான் மூட முடியும், அப்ப ஒழுங்கா நடத்தினவங்களும் சேந்து போவாங்க.

அதனால எனக்கு இப்ப கேள்வி, இந்த ஒரு கடைய விடலாமான்னு கேக்கறதோட சேத்து இந்த வரிசைல எத்தனைக்கு மேல விடக்கூடாதுன்னும் கேக்கணும். யூஆர்ஏக்கு எழுதறப்ப அத தனியா எழுதணும்.

மார்ச் 12

"நம்ம பெரியவங்க காலத்துல இதெல்லாம் ஏது"ன்னு ஒருத்தர். அண்ணே, நம்ம தாத்தா காலத்துல அரசாங்கமே லைசென்ஸ் குடுத்து கள்ளுக்கடை நடந்துச்சு இங்க. துறைமுகத்துலயும் ரோட்டு வேலையிலயும் இருந்த தமிழ் ஆளுங்களோட கூலி அங்க போச்சு. என் பாட்டி சம்பள நாள்ல கொழந்தைய இடுப்புல வச்சுக்கிட்டு கள்ளுக்கடை வாசல்ல போயி நிப்பாங்களாம், தாத்தா உள்ள போறதுக்கு முன்னாடி கூலிய வாங்கிடணும்னு. அதப் பாத்து தான் 1932ல தொடங்கின தமிழர் சீர்திருத்தச் சங்கமும், தமிழ் முரசு பத்திரிகைய தொடங்கின கோ. சாரங்கபாணியும் குடிக்கு எதிரா அவ்ளோ பேசினாங்க. அந்த வரலாறு என் வீட்டுக்குள்ள இருக்கு. குடியால ஒண்ணும் ஆகாதுன்னு நான் சொல்லவே மாட்டேன்.

ஆனா பாட்டி கதைல எனக்கு இன்னொண்ணும் படுது. குடிச்சவங்கள மட்டும் குத்தம் சொல்ல முடியாது, கூலி கையில வந்த நாள்ல, போறதுக்கு வேற எடமே இல்லாம இருந்துச்சு அவங்களுக்கு.

மார்ச் 15

நேத்து போயிப் பாத்துட்டேன். பெயிண்ட் அடிக்கறவங்ககிட்ட கேட்டப்ப கடைய எடுத்தவரே உள்ள இருந்தாரு, கூட அவரு மனைவி. சின்ன வயசு, பதினஞ்சு வருஷம் வேற பாருங்கள்ல வேல பாத்துட்டு சேத்த காசுல தொறக்கறாங்களாம். நான் யாருன்னு சொன்னதும் நாற்காலி போட்டாங்க. கேட்டதுக்கெல்லாம் ஒளிக்காம பதில் சொன்னாங்க. 1ஏ தான் கேக்கறாங்க. 10 மணிக்கு மூடினா வாடக கட்ட முடியாதுன்னு நேரா சொன்னாரு. அவரு கணக்குப் பேப்பர விரிச்சுக் காட்டினாரு, சனிக்கெழம ராத்திரி 9லேர்ந்து 12 வரைக்கும் தான் அந்த வாரத்து வாடகைல பெரும்பகுதி வருதாம்.

எனக்கு அத விட பெருசா பட்டது தலைக்கு மேல. தளத்துப் பலகைக்கு நடுவுல இடைவெளி, மேல யாரோ நடக்கறப்ப தூசி பொடியா கீழ விழுது, லைட் போட்டா அந்தக் கோடு வழியா மேல வெளிச்சம் போகும். மேல பங்களாதேஷ் தம்பிங்க வாடகைக்கு இருக்காங்க, காலைல அஞ்சு மணிக்கு லோரி வந்து ஏத்திட்டுப் போகும். அந்தப் பலகைக்குக் கீழ நடுராத்திரி வரைக்கும் கிளாஸ் கிலுங்கினா அவங்க எப்படித் தூங்கறது? இவ்ளோ நாள் பேச்சுல எங்க ப்ளாக், எங்க ப்ளாக்னே பேசிட்டு இருந்தோம், அவங்கள ஒருத்தரும் கேக்கல. இது பத்தி ஆர்.சி (குடியிருப்பாளர் குழு) போட்ட நோட்டீஸ் அவங்க கதவுக்குப் போகவும் இல்ல.

வாசல்ல யார உள்ள விடுவீங்கன்னும் கேட்டேன். அந்தப் பொண்ணு தான் பதில் சொன்னாங்க, "அக்கா, எங்க அப்பா வெல்டரா இங்க வந்தவரு." அதோட நிறுத்திட்டாங்க. நல்லா இருந்துச்சு கேக்கறதுக்கு. ஆனா அத எழுத்துல குடுங்கன்னு சொல்லிட்டு வந்தேன், நாளைக்கு இவங்க வித்துட்டுப் போயி வேற ஒருத்தர் வந்தா இந்தப் பேச்சு அவங்களக் கட்டுப்படுத்தாது.

மார்ச் 16

என் முடிவ கேக்கறீங்க. விடலாம், ஆனா 1பில ஆரம்பிக்கட்டும், 10 மணி. வாடக கட்ட முடியாதுன்னு அவரு சொல்றது உண்மையாவே இருக்கலாம், அப்படின்னா அந்த வாடக தான் அந்த எடத்துக்குப் பொருந்தாத வாடக, அத ஓனர்கிட்ட பேசணும், மேல தூங்கறவங்க தூக்கத்துலேர்ந்து எடுத்துக் கட்டக் கூடாது. லைசென்ஸ் புதுப்பிக்கற நேரத்துல தளத்துக்கு ஏதாவது பண்ணி, புகாரும் இல்லாம இருந்தா வெள்ளி சனி மட்டும் நேரம் கூட்டறத அப்ப பேசலாம், நானே வந்து ஆதரவா பேசறேன். பாட்டில் காலைல 8 மணிக்கு அப்புறம். பின்கதவு 9 மணிக்கு மேல தொறக்கக் கூடாது. சாப்பாடு இருக்கணும், வயித்துல ஒண்ணும் இல்லாம குடிக்க வைக்கற கடை வேணாம். கோப்பிக்கடை விலைக்குக் கிட்ட ஒரு பியராவது மெனுல இருக்கணும். இந்தக் கடைசி ரெண்டும் போலீஸ் போடற நிபந்தனைல வராது, தெரியும், அத கடைக்காரங்களே குடியிருக்கறவங்களுக்கு எழுதித் தரணும்.

எட்டாவது மாடி தங்கச்சி என்னோட ஒத்துப்போகல. டியூஷன் முடிஞ்சு அவங்க பொண்ணு ஒன்பதரைக்கு அந்த அஞ்சடி வழியா தான் வருது, குடிச்சவங்க நடுவுல எப்படி நடந்து வரும்னு கேக்கறாங்க. அதுக்கு நான் "ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்ல மாட்டேன், எனக்கும் பொண்ணு இருக்கு. இப்ப அந்த வரிசைல நாலு கடை மூடிக் கெடக்கு, லைட் இல்ல, என் பொண்ணு படிச்ச காலத்துல நான் போயி முக்குல நின்னு கூட்டிட்டு வருவேன். லைட் எரியற, பொறுப்பா ஒருத்தர் நிக்கற கடை வாசல் இருட்ட விட மேலுன்னு நான் நெனைக்கறேன், அவங்க அப்படி நெனைக்கல. அவங்க எதிர்ப்பையும் என் கடிதத்தோட சேத்தே அனுப்பறேன்னு சொல்லியிருக்கேன், அவங்க வார்த்தைலயே.

மார்ச் 17

ஆர்.சி அண்ணனுக்கு: ஆமா, நோட்டீஸ் தமிழ், மாண்டரின், மலாய், இங்கிலீஷ் நாலுலயும் இருக்கு. வங்காளியும் வேணும்னு தான் சொல்றேன். நோட்டீஸ்போர்ட் லிஃப்ட் பக்கத்துல இருக்கு, மேல்மாடித் தம்பிங்க எங்க லிஃப்ட்ல ஏறப்போறதில்ல.

மார்ச் 19

பார் பத்தின கூட்டம் அடுத்த வியாழக்கெழம ராத்திரி 8 மணிக்கு, ஆர்.சி சென்டர்ல. கடை எடுத்தவங்களும் வர்றேன்னு சொல்லிட்டாங்க. லோரி 7.30க்கு தான் தம்பிங்கள எறக்கி விடும், அதனால அரை மணி நேரம் தள்ளி வைக்கச் சொல்லிக் கேட்டு வாங்கியிருக்கேன். மேல்மாடிலேர்ந்து ரெண்டு பேரு வர ஒத்துக்கிட்டாங்க, அவங்க பேசறத மொழி மாத்திச் சொல்ல வங்காளி தெரிஞ்ச ஒருத்தர் வேணும், லெம்பு ரோட்டுப் பக்கம் கடை வச்சிருக்கறவங்க யாராச்சும் இத படிச்சா இங்கயே சொல்லுங்க. பின்சந்து பக்கம் ஜன்னல் இருக்கற வீட்டுக்காரங்க எந்தெந்த ரூம்ல யாரு தூங்கறாங்க, எத்தன மணிக்கு எழறாங்கன்னு எழுதிட்டு வாங்க, போலீஸுக்குப் போற கடிதத்துல சேக்கணும். வரிசைல இதுக்கு மேல பார் கூடாதுங்கற மனு தனிப் பேப்பர், அது யூஆர்ஏக்கு, அதுல கையெழுத்துப் போடறதுக்கு பாருக்கு ஆதரவா எதிரான்னு பாக்க வேண்டியதில்ல.

அந்தப் பொண்ணு எழுதிக் குடுத்த பேப்பரையும் கொண்டு வர்றேன். வேல உடைல வர்றவங்களத் திருப்பி அனுப்ப மாட்டோம்னு ஒரு வரி இருக்கு, கையெழுத்து இருக்கு. "நியாயமான காரணம் இருந்தா தவிர"ன்னு கடைசில சேத்திருக்காங்க, அத எடுக்கச் சொல்லி வியாழக்கெழம கேப்பேன்.